புற்றுநோய் செல்கள் உண்மையிலேயே கருநிலைக்குத் திரும்புகின்றனவா?

கேள்வி: கருவியல் மாணவி

வணக்கம். உயிர்த் தொழில்நுட்பத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குருத்தணுக்களிலும் (ஸ்டெம் செல்கள்) புற்றுநோய் செல்களிலும் பன்முகத்திறன், அதாவது உடலின் எந்தத் திசுவாகவும் மாறவல்ல ஆற்றல், மூலக்கூறு அளவில் எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகிறது என்பது பற்றித் துறைக் கருத்தரங்கில் பேச வேண்டியிருக்கிறது. இதுவரை நான் படித்த மீளாய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே முடிவை நோக்கிச் செல்கின்றன. ஆக்ட்4, சாக்ஸ்2, நானாக் ஆகிய மூன்று படியெடுப்புக் காரணிகள் (மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செய்யும் புரதங்கள்) கருக் குருத்தணுவின் பன்முகத்திறனைத் தாங்குகின்றன என்றும், மார்பகம், நுரையீரல், மூளை ஆகியவற்றில் தோன்றும் கட்டிகளிலும் இவையே காணப்படுகின்றன என்றும், ஆகவே முதிர்ந்த செல் கருநிலைக்குத் திரும்புவதுதான் புற்றுநோய் என்றும் அவை சொல்கின்றன.

இதை அப்படியே மேடையில் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 2006இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தகஹாஷியும் யாமனாகாவும் 24 மரபணுக்களிலிருந்து தொடங்கி, எலியின் நாரிழைச் செல்லைப் பன்முகத்திறன் நிலைக்குக் கொண்டுபோக ஆக்ட்4, சாக்ஸ்2, கே.எல்.எஃப்.4, சி-மிக் ஆகிய நான்கே போதும் என்று காட்டினார்கள். இவற்றுள் சி-மிக் எல்லோரும் அறிந்த ஆன்கோஜீன், அதாவது புற்றுநோயைத் தூண்டவல்ல மரபணு. இருந்தும் அந்த நான்கும் சேர்ந்து உருவாக்கியது குருத்தணுவைத்தான். அதே காரணிகள் வேறிடத்தில் புற்றுநோயைத் தருகின்றன என்றால், அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

அடுத்த ஐயம் டெரடோமா பற்றியது. கருக் குருத்தணுக்களை நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய எலியின் தோலுக்கடியில் செலுத்தினால் குருத்தெலும்பு, நரம்புத் திசு, குடலையொத்த சுரப்பித் திசு என மூன்று கருப்படலங்களின் திசுக்களும் கலந்த டெரடோமா வளர்கிறது. நுரையீரல் புற்றுநோய் செல்களை அதே எலியில் செலுத்தினால் நுரையீரல் புற்றுநோய்க் கட்டிதான் வளர்கிறது. அவற்றிலும் ஆக்ட்4 இயங்குகிறது என்பது மெய்யானால் டெரடோமா ஏன் வருவதில்லை?

புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதம் மறுநிரலாக்கத்தையும், அதாவது முதிர்ந்த செல்லைப் பன்முகத்திறன் நிலைக்குத் திருப்புவதையும், தடுக்கிறது என்று படித்தேன். இரண்டும் ஒரே நிகழ்வு என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாமா என்பதையும் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.


மறுமொழி: மூலக்கூறு வழி

வணக்கம் சகோதரி. உங்கள் தயக்கம் நியாயமானது. அந்த முடிவை மேடையில் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தை ஆக்ட்4இலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

ஒரு செல்லில் ஆக்ட்4 இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திக்கொண்டால் போதாது. எவ்வளவு இருக்கிறது, எந்தப் புரதத்தோடு இணைந்திருக்கிறது, அது பற்றிக்கொள்ள வேண்டிய டி.என்.ஏ. பகுதி திறந்திருக்கிறதா என்பவற்றையும் கேட்டாக வேண்டும். ஆக்ட்4 மரபணு நீக்கப்பட்ட எலிக் கருக்களில் உட்செல் திரள் (உடலை உருவாக்க வேண்டிய செல்கள்) பன்முகத்திறன் பெறாமல், நஞ்சுக்கொடியை உருவாக்கும் டிரோபோபிளாஸ்ட் வழியில் போய்விடுகிறது என்பது 1998இல் தெரியவந்தது. 2000இல் நிவா, மியாசாகி, ஸ்மித் ஆகியோர் எலிக் கருக் குருத்தணுவில் ஆக்ட்4இன் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். இயல்பான அளவு இரண்டு மடங்கைக்கூட எட்டாத சிறு உயர்வே செல்களை முதனிலை எண்டோடெர்ம், மீசோடெர்ம் வழிகளில் தள்ளியது. அளவு வீழ்ந்தபோது அவை டிரோபோபிளாஸ்டாக மாறின. இடைப்பட்ட குறுகிய வரம்புக்குள்தான் பன்முகத்திறன் நிலைத்தது. கூடினால் கூடுதலான குருத்தணுத் தன்மை கிடைக்கும் என்று புற்றுநோய்க் கட்டுரைகள் சில எண்ணிக்கொள்வது இந்த ஒரு சோதனையிலேயே அடிபட்டுப்போகிறது.

சாக்ஸ்2 தனித்து இயங்குவது அரிது. ஆக்ட்4உம் சாக்ஸ்2உம் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து அமைந்த இரு குறுந்தொடர்களில் சேர்ந்து உட்கார்ந்து, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. 2007இல் வெளிவந்த ஆய்வொன்றில், சாக்ஸ்2 நீக்கப்பட்ட எலிக் கருக் குருத்தணுக்களுக்கு வெளியிலிருந்து ஆக்ட்4ஐத் தொடர்ந்து வழங்கியபோது அவை பன்முகத்திறனை இழக்காமல் பிழைத்தன. சாக்ஸ்2இன் தலையாய வேலை ஆக்ட்4இன் அளவைச் சரியான இடத்தில் நிறுத்திவைப்பது என்று இதிலிருந்து தெரிகிறது. 2003இல் எடின்பரோவிலும் ஜப்பானிலும் ஒரே நேரத்தில் கண்டறியப்பட்ட நானாக்கின் இடம் சற்று வேறானது. நானாக் இல்லாத கருக் குருத்தணுக்கள் தம்மைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க முடியும் என்றாலும், அவை எளிதில் வேறுபாடடையும், அதாவது குறிப்பிட்ட திசுவின் செல்லாக மாறும், பக்கம் சாய்ந்துவிடுகின்றன என்பதை 2007இல் சேம்பர்ஸ் குழுவினர் காட்டினார்கள். நானாக் அந்த நிலைக்குக் காவலாக நிற்கிறது. நிலையை உண்டாக்குவது ஆக்ட்4–சாக்ஸ்2 இணை.

இம்மூன்றும் தத்தம் மரபணுக்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் மற்ற இரண்டின் பகுதிகளிலும் அமர்ந்து ஒன்றையொன்று இயக்குகின்றன. 2005இல் மனிதக் கருக் குருத்தணுக்களில் நடந்த ஆய்வு, மூன்றும் சேர்ந்தே அமரும் மரபணுக்கள் குறைந்தது 353 என்று கணக்கிட்டது. அவற்றுள் ஒரு பகுதி இயங்கிக்கொண்டிருப்பவை. மறு பகுதி, நரம்பு, தசை, எலும்பு போன்ற திசுக்களை உருவாக்கவல்ல வளர்ச்சி மரபணுக்கள், அப்போதைக்கு அடக்கி வைக்கப்பட்டிருப்பவை. அடக்கும் வேலையைச் செய்வது பாலிகோம்ப் புரதத் தொகுதி. அதிலுள்ள ஈ.இசட்.எச்.2 நொதி டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் எச்3 ஹிஸ்டோன் புரதத்தின் 27ஆம் லைசினில் மூன்று மீத்தைல் தொகுதிகளைச் சேர்க்கிறது. அதே மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளில், இயக்கத்துக்கு அடையாளமான 4ஆம் லைசின் மீத்தைலேற்றமும் உடனிருக்கிறது என்பது 2006இல் தெரியவந்தது. பன்முகத்திறனின் உயிர்நாடி இந்த இரட்டைக் குறியில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். எந்தத் திசுவுக்கான மரபணுவும் நிரந்தரமாகப் பூட்டப்படவில்லை, எதுவும் இன்னும் திறக்கப்படவும் இல்லை. சரியான சமிக்ஞை வந்தால் ஒரு குறி நீங்கி மற்றது எஞ்சுகிறது.

சமிக்ஞைகளை விரிவாகச் சொல்லப் புகுந்தால் கருத்தரங்கு நேரம் போதாது. எலிக் கருக் குருத்தணு எல்.ஐ.எஃப். புரதம், ஸ்டாட்3 வழியாக நிலைபெறுகிறது. மனிதக் கருக் குருத்தணுவோ எஃப்.ஜி.எஃப்.2உம் ஆக்டிவினும் தரும் சமிக்ஞைகளை நம்பியிருக்கிறது. உள்வலை ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் அதைத் தாங்கும் வெளிச்சூழல் இனத்துக்கு இனம், கருவின் வயதுக்கு வயது மாறுகிறது என்பதை மட்டும் குறிப்பிட்டால் போதும்.

உங்கள் கேள்வியின் மையத்துக்கு விடையளிக்கும் ஆய்வு 2010இல் ஸ்டூவர்ட் ஆர்கினின் குழுவிலிருந்து வந்தது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன், வேறுபாடு குன்றிய, வேகமாகப் பரவும் மார்பக, மூளை, சிறுநீர்ப்பைக் கட்டிகளில் கருக் குருத்தணுவின் மரபணு இயக்கக் கோலம் தென்படுகிறது என்ற செய்தி பெரும் கவனம் பெற்றிருந்தது. நீங்கள் படித்த மீளாய்வுகள் பலவற்றின் வேர் அதுவாக இருக்கக்கூடும். ஆர்கின் குழுவினர் அந்தக் கோலத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆக்ட்4, சாக்ஸ்2, நானாக் முதலியவை ஆளும் மையத் தொகுதி, பாலிகோம்ப் ஆளும் தொகுதி, மிக் புரதமும் அதன் கூட்டாளிகளும் ஆளும் தொகுதி என மூன்றாக அது பிரிந்தது. பல்வேறு புற்றுநோய்களில் ஓங்கி இயங்கியதும், நோயின் போக்கோடு ஒத்துப்போனதும் மிக் தொகுதியே. மையத் தொகுதி அல்ல. ரைபோசோம் உற்பத்தி, வளர்சிதைமாற்றம், செல் பெருக்கம் ஆகியவற்றைத் தூண்டும் மிக், வேகமாகப் பெருகும் எந்தச் செல்லிலும் சுறுசுறுப்பாக இருக்கக்கூடியது. கருக் குருத்தணுவும் வேகமாகப் பெருகுகிறது, கட்டியும் வேகமாகப் பெருகுகிறது. இரண்டுக்கும் இடையே கண்ட ஒற்றுமையின் பெரும்பங்கு இங்கிருந்து வந்தது. ஆகவே, நுரையீரல் கட்டி டெரடோமாவைத் தராததில் வியப்பில்லை. அங்கே பன்முகத்திறனின் மையம் இயங்கவே இல்லை.


மறுமொழி: நோய்க்குறியியல் மேசை

மேலே எழுதியிருப்பவரின் விளக்கத்தோடு உடன்படுகிறேன். மருத்துவமனை ஆய்வகத்தில் கட்டித் திசுக்களை அன்றாடம் பார்ப்பவள் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலில், பன்முகத்திறன் மெய்யாகவே இயங்கும் புற்றுநோய் ஒன்று உண்டு. மீளாய்வுகள் அதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வருத்தத்துக்குரியது. விந்தகத்திலும் அண்டகத்திலும் தோன்றும் இனச்செல் கட்டிகளைச் சொல்கிறேன். செமினோமாவிலும் எம்ப்ரியோனல் கார்சினோமாவிலும் ஆக்ட்4 ஐ.எச்.சி. (எதிர்ப்பொருளைக் கொண்டு திசுவில் புரதத்தைக் காட்டும் சோதனை) சாயம் உட்கருவில் அடர்ந்து, ஐயத்துக்கிடமின்றித் தெரியும். நோயை உறுதிசெய்ய அதை அன்றாடம் பயன்படுத்துகிறோம். இரண்டையும் பிரித்தறிய சாக்ஸ்2 உதவுகிறது. எம்ப்ரியோனல் கார்சினோமாவில் சாக்ஸ்2 இருக்கும். செமினோமாவில் அது இராது, சாக்ஸ்17 இருக்கும். ஆக்ட்4 இரண்டிலும் இருந்தும், பல திசுக்களாக வேறுபாடடையும் ஆற்றல் எம்ப்ரியோனல் கார்சினோமாவில்தான் வெளிப்படையாகத் தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். துணைக் காரணி பற்றி மேலே சொல்லப்பட்டதற்கு நோயாளியின் திசுவிலேயே கிடைக்கும் சான்று இது. இக்கட்டிகளில் 12ஆம் குரோமோசோமின் குட்டைக் கை மிகுதியாகப் பெருகியிருப்பதும், நானாக் மரபணு அந்தக் கையிலேயே அமைந்திருப்பதும் உடன் நினைக்கத்தக்கவை.

இந்தத் துறையே இக்கட்டிகளிலிருந்துதான் பிறந்தது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் லீராய் ஸ்டீவன்ஸ் 1950களில், 129 என்னும் எலி வழியில் தானாகவே தோன்றும் விந்தக டெரடோமாக்களைக் கண்டார். 1964இல் கிளைன்ஸ்மித்தும் பியர்ஸும் அத்தகைய கட்டியிலிருந்து ஒற்றைச் செல்லைப் பிரித்தெடுத்து எலிக்குள் செலுத்தி, அந்த ஒன்றிலிருந்தே பல திசுக்கள் உருவாவதைக் காட்டினார்கள். 1975இல் பியாட்ரிஸ் மின்ட்ஸும் கார்ல் இல்மென்சியும் அவ்வகைக் கட்டியின் செல்களை இயல்பான பிளாஸ்டோசிஸ்ட் என்னும் தொடக்கநிலைக் கருவுக்குள் செலுத்தியபோது, அவை நலமான எலிக்குட்டிகளின் உடல் திசுக்களாக வளர்ந்தன. எலியின் கருக் குருத்தணுக்களை இவான்ஸும் காஃப்மனும் ஒருபுறமும், கெயில் மார்ட்டின் மறுபுறமும் பிரித்தெடுத்தது இதற்குப் பின்னர், 1981இல்தான். அந்தச் செல்களை வளர்க்கும் கலையை அவர்கள் கற்றது டெரடோகார்சினோமா (டெரடோமாவோடு எம்ப்ரியோனல் கார்சினோமாவும் கலந்த கட்டி) செல்களிடமிருந்து.

அடுத்த செய்தி எச்சரிக்கை. மார்பகத்திலும் நுரையீரலிலும் ஆக்ட்4 கண்டதாகச் சொல்லும் அறிக்கைகளைப் படிக்கும்போது, சாயம் உட்கருவிலா சைட்டோபிளாசத்திலா என்று படத்தைப் பாருங்கள். படியெடுப்புக் காரணி சைட்டோபிளாசத்தில் இருந்துகொண்டு மரபணுவை இயக்க முடியாது. ஆக்ட்4 மரபணுவிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உருவாகின்றன. பன்முகத்திறனோடு தொடர்புடையது ஏ வடிவம், பி வடிவத்துக்கு அந்தப் பணி இல்லை. இரண்டையும் ஒருங்கே பற்றும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தினால் விடை குழம்பும். இதற்கும் மேலாக, ஆக்ட்4க்கும் நானாக்குக்கும் மனித மரபணுத் தொகுதியில் பல போலி மரபணுக்கள் (மூல மரபணுவை ஒத்த நகல்கள்) உள்ளன. இன்ட்ரான் (ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதி) இல்லாத போலி மரபணு என்றால், ஆர்.என்.ஏ. மாதிரியில் சிறிதளவு டி.என்.ஏ. கலந்திருந்தால்கூட பி.சி.ஆர். சோதனை ஆக்ட்4 இருப்பதாகக் காட்டிவிடும். நானாக்பி8 போன்றவை சில புற்றுநோய்களில் உண்மையாகவே புரதமாக வெளிப்படுகின்றன என்பதால் எல்லாவற்றையும் பொய்யென்று தள்ளவும் முடியாது. ஆனால் எந்த மரபணுவின் வெளிப்பாடு அது என்று பிரித்துக் காட்டாத ஆய்வை நான் சான்றாக ஏற்பதில்லை. எலியின் குடல், எலும்பு மச்சை, மயிர்க்கால், மூளை, ஈரல் ஆகியவற்றில் ஆக்ட்4ஐ நீக்கியும் அங்குள்ள குருத்தணுக்கள் குறையின்றி இயங்கின என்று 2007இல் யேனிஷ் ஆய்வகம் காட்டியபோதே, முதிர்ந்த திசுவில் ஆக்ட்4 என்ற பேச்சு அடங்கியிருக்க வேண்டும்.


கருவியல் மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன மூன்று தொகுதிகளையும், மருத்துவர் அம்மா சொன்ன இனச்செல் கட்டிகளையும் என் உரையின் நடுவில் வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. நுரையீரலின் ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோயில் சாக்ஸ்2 மரபணுவே பெருகியிருப்பதாக 2009இல் வந்த ஆய்வு சொல்கிறது. மூளையின் கிளையோபிளாஸ்டோமாவிலும் சாக்ஸ்2 ஓங்கியிருக்கிறது. இவை போலி மரபணுவோ சாயக் குழப்பமோ இல்லையே. இதை எவ்வாறு எடுத்துக்கொள்வது? பி53 பற்றிய கேள்வியும் நிற்கிறது.


மறுமொழி: மறுநிரல்

சாக்ஸ்2 பற்றிய உங்கள் வாதம் சரியானது. அந்தப் பெருக்கம் மெய்யானது, கட்டியின் உயிர்வாழ்வுக்குத் தேவையானதும்கூட. ஆனால் சாக்ஸ்2 பன்முகத்திறனுக்கு மட்டுமே உரிய காரணி அன்று. வளரும் கருவில் உணவுக்குழாய், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் புறப்படலம் உருவாகவும், நரம்புக் குருத்தணுக்கள் நிலைபெறவும் அது தேவை. ஸ்குவாமஸ் புற்றுநோயில் அது பி63 புரதத்தோடு சேர்ந்து அமர்கிறது. பி63 அடிநிலைப் புறப்படலச் செல்லின் அடையாளம். கிளையோபிளாஸ்டோமாவில் ஆக்ட்4இன் உறவினரும் நரம்பு வழிக்குரியதுமான பி.ஓ.யூ.3எஃப்2 அதற்குத் துணை. 2014இல் வெளிவந்த ஆய்வில், பி.ஓ.யூ.3எஃப்2, சாக்ஸ்2, சால்2, ஆலிக்2 ஆகிய நான்கையும் வேறுபாடடைந்த கிளையோபிளாஸ்டோமா செல்களில் இயக்கியபோது, கட்டியைத் தொடங்கவல்ல குருத்தணுவொத்த நிலைக்கு அவை திரும்பின. யாமனாகாவின் முறையையே பின்பற்றிய அந்தச் சோதனை, செல்லைக் கருவுக்கு அல்ல, நரம்புக் குருத்தணுவின் நிலைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. தன் திசுவின் குருத்தணுவை நோக்கிப் போவதும் கருவை நோக்கிப் போவதும் வெவ்வேறு. 'புற்றுநோய்க் குருத்தணு' என்று சொல்லப்படுவது தன்னைப் புதுப்பித்துக்கொண்டு கட்டியை மீண்டும் வளர்க்கும் ஆற்றலைக் குறிக்கிறது. பன்முகத்திறன் அதற்குள் அடங்குவதில்லை.

இனி பி53. 2009 ஆகஸ்டில் நேச்சர் இதழில் ஒன்றாக வெளிவந்த ஐந்து ஆய்வுகள், பி53 வழியைத் தளர்த்தினால் மறுநிரலாக்கம் பெருமளவு எளிதாகிறது என்று காட்டின. வெளியிலிருந்து புகுத்தப்படும் காரணிகள், குறிப்பாக சி-மிக், செல்லில் நெருக்கடியை உண்டாக்குகின்றன. பி53 அதை உணர்ந்து பி21 புரதத்தின் வழியாகப் பெருக்கத்தை நிறுத்துகிறது அல்லது செல்லைச் சாகவைக்கிறது. ஆகவே அது இரண்டு பாதைகளுக்கும் பொதுவான வாயிலில் நிற்கிறது என்றுதான் சொல்ல முடியும். வாயில் ஒன்று என்பதால் போய்ச் சேரும் இடமும் ஒன்றாகிவிடாது. பி53 சீராக இயங்கும் நிலையிலேயே கருக் குருத்தணு பன்முகத்திறனோடு வாழ்கிறது, டி.என்.ஏ. பழுதுபட்டால் பி53 நானாக்கை அடக்கி, அச்செல்லை வேறுபாடடையும் வழியில் அனுப்பிவிடுகிறது. விந்தகக் கட்டிகளிலும் பி53 பெரும்பாலும் பழுதின்றியே இருக்கிறது. 1970களில் மருத்துவர் ஐன்ஹார்ன் இண்டியானாவில் சிஸ்பிளாட்டின் மருந்தைக் கொண்டு பரவிய விந்தகப் புற்றுநோயைக் குணப்படுத்த முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

ஆய்வகத் தட்டில் நீண்ட நாள் வளரும் மனிதக் கருக் குருத்தணுக்களோ எதிர்த்திசையில் நகர்கின்றன. 20ஆம் குரோமோசோமின் ஒரு துண்டைக் கூடுதலாகப் பெற்ற செல்கள் மற்றவற்றை முந்திப் பெருகுகின்றன; செல் சாவைத் தடுக்கும் பி.சி.எல்.2எல்1 மரபணு அத்துண்டில் இருக்கிறது. 2017இல் 140 மனிதக் கருக் குருத்தணு வழிகளை ஆராய்ந்தபோது ஐந்தில் பி53இன் திடீர்மாற்றங்கள் தென்பட்டன. அவை பன்முகத்திறனை இழக்கவில்லை, ஆனால் புற்றுநோயை நோக்கி ஓரடி எடுத்து வைத்துவிட்டன. சிகிச்சைக்குச் செல்களை வளர்ப்பவர்கள் அஞ்ச வேண்டியது இதைத்தான்.

இரு நிலைகளுக்கும் இடையிலான எல்லையைத் தெளிவாகக் காட்டும் இரண்டு சோதனைகளைக் கட்டாயம் சேருங்கள். 2004இல் யேனிஷ் ஆய்வகத்தினர், மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) செல்லின் உட்கருவை, உட்கரு நீக்கப்பட்ட எலி முட்டைக்குள் வைத்து, அதிலிருந்து கருக் குருத்தணுக்களைப் பெற்றார்கள். அவை எலியின் பெரும்பாலான திசுக்களாக வேறுபாடடைந்தன. அதாவது, பன்முகத்திறனை அடைந்ததும் மெலனோமாத் தன்மை மறைந்தது. ஆனால் அந்த எலிகளுக்குப் பின்னர் விரைவாகவும் மிகுதியாகவும் புற்றுநோய் வந்தது. எபிஜெனெடிக் குறிகளை (டி.என்.ஏ. தொடரை மாற்றாமல் மரபணு இயக்கத்தைக் கட்டுப்படுத்துபவை) முட்டை அழித்துவிட்டது, டி.என்.ஏ.வில் பதிந்த திடீர்மாற்றங்களை அதனால் அழிக்க இயலவில்லை.

மற்றது 2014இல் கியோட்டோவில் யமதா குழு செய்தது. உயிருள்ள எலியின் உடலில் யாமனாகாவின் நான்கு காரணிகளையும் சில நாள் இயக்கிவிட்டு, மறுநிரலாக்கம் முற்றுப்பெறும் முன் நிறுத்தினார்கள். பல உறுப்புகளில் கட்டிகள் தோன்றின. சிறுநீரகத்தில் தோன்றியவை குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டியை ஒத்திருந்தன. அக்கட்டியின் செல்களை முழுமையாக மறுநிரலாக்கியபோது அவற்றிலிருந்து புற்றற்ற சிறுநீரகத் திசு உருவானது. எனவே அங்கே கட்டியை உண்டாக்கியது திடீர்மாற்றம் அன்று. எபிஜெனெடிக் ஒழுங்கின் குலைவு. பன்முகத்திறனை முழுதாக எட்டிய செல் இயல்பான திசுவாகத் திரும்ப முடிந்தது, பாதியில் நின்ற செல்தான் கட்டியானது. நீங்கள் முதலில் கேட்ட வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை.

சி-மிக்கின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2007இல், நான்கு காரணிகளால் உருவான குருத்தணுக்களிலிருந்து பிறந்த எலிகளின் வழித்தோன்றல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் கட்டிகள் வந்தன. புகுத்தப்பட்ட சி-மிக் மீண்டும் விழித்துக்கொண்டதே காரணம். மறு ஆண்டிலேயே சி-மிக் இல்லாமல், குறைந்த திறனோடு என்றாலும், மறுநிரலாக்கம் செய்துகாட்டினார்கள். விரைவுபடுத்த அது உதவுகிறது, ஆனால் அந்த நிலையின் பகுதி அது அன்று. ஆர்கின் குழு கண்ட பிரிவோடு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.


மறுமொழி: நோய்க்குறியியல் மேசை

கருத்தரங்கில் சிகிச்சை பற்றிய கேள்வி உறுதியாக வரும் என்பதால் இதையும் எழுதுகிறேன். தடைபட்ட வேறுபாடடைதலை மீட்டுக் கொடுத்தே நோயைக் குணப்படுத்தலாம் என்பதற்கு மிகச் சிறந்த சான்று அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா. அதில் 15, 17ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறிப் பி.எம்.எல்.–ஆர்.ஏ.ஆர்.ஆல்ஃபா என்ற இணைவுப் புரதம் உருவாகி, வெள்ளணு முதிர்வதைத் தடுக்கிறது. 1980களில் ஷாங்காயில் வாங் செனியீ, வைட்டமின் ஏயிலிருந்து வரும் டிரான்ஸ் ரெட்டினோயிக் அமிலத்தை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது அச்செல்கள் முதிர்ந்தன. பின்னர் ஆர்சனிக் டிரையாக்சைடு சேர்ந்தது. 2013இல் வெளிவந்த ஒப்பீட்டுச் சோதனையில், மிகுந்த ஆபத்துப் பிரிவில் சேராத நோயாளிகளுள் இவ்விரண்டையும் மட்டும் பெற்றவர்களில் 97 விழுக்காட்டினர் ஈராண்டுகள் நோய் திரும்பாமலும் வேறு இடையூறு நேராமலும் இருந்தார்கள். அமிலத்தோடு கீமோதெரபி பெற்றவர்களில் அது 86 விழுக்காடு.

திடக் கட்டிகளில் இவ்வளவு நேரான வழி அமையவில்லை. அங்கே தடையை ஒரே புரதம் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. மேலே சொன்ன கிளையோபிளாஸ்டோமாவைப்போல், முதிர்ந்த செல் மீண்டும் பின்னோக்கிப் போகவும் கூடும். பாலிகோம்ப்பின் ஈ.இசட்.எச்.2 நொதியைத் தடுக்கும் டாசெமெடோஸ்டாட் 2020 ஜனவரியில் எபிதீலியாய்டு சார்கோமாவுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே நொதி சில லிம்ஃபோமாக்களில் மிகையாக இயங்குகிறது. சில டி-செல் லுக்கீமியாக்களிலோ அது செயலிழந்திருப்பதே நோய்க்குத் துணைபோகிறது. இந்த மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தக் கட்டியில் பாலிகோம்ப் எந்த மரபணுக்களை அடக்கி வைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும். கருநிலைக்குத் திரும்பிய செல் என்ற பொது விளக்கம் அந்த முடிவுக்கு எந்த வகையிலும் உதவுவதில்லை.